தேசப்பனின் மூக்கு

சாக்கடைக் குழியின் மூடியைத் திறந்ததும் குனிந்து மோந்து பார்ப்பது தேசப்பன்தான். விஷவாயு இல்லையென்று அவன் சொன்ன பிறகே, தங்கச்சி புருஷன் எத்திராஜ் உள்ளே கால் வைப்பான். கருவியென்று யாரும் எதையும் கொடுத்ததில்லை. பதினோரு வருடமாக அந்த மூக்குதான்.

அன்று காலை மகள், தான் தினமும் வேலைக்குப் போட்டுப்போகும் பச்சை சென்ட்டை அப்பன் மேலும் அடித்துவிட்டிருந்தாள். “நீ மட்டும் ஏன்பா நாத்தத்தோடயே போற?”

தேசப்பன் குனிந்தான். வெட்டிய புல்லும் எலுமிச்சை இலையுமாக மகளின் சென்ட்தான் மணந்தது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி குனிந்தான். அதே தோட்டம்தான்.

“இன்னா மச்சான், கல்யாண வூடு மாதிரி மணக்குற. எறங்கட்டா?”

“இன்னிக்கு என் மூக்க நம்பாத, மாப்ள.”

“ரோட்ட அடைச்சிகினு எவ்ளோ நேரம்யா?” என்றார் கான்ட்ராக்டர். “நீங்க இல்லன்னா வேற ஆளு.”

தேசப்பன் இரும்பு மூடியை இழுத்துக் குழியை மூடி, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வண்டிகள் ஹாரன் அடித்தன.

கான்ட்ராக்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார். “அனுபவம்லாம் வேணாம்பா. எறங்கத் தெரிஞ்சா போதும்.”