பூண்டுக்காட்டுப் பாட்டு

"அந்தப் பாட்ட நிறுத்துங்க தம்பி!"

பேத்துப்பாறைக் கல்யாணப் பந்தலுக்கு வெளியே நின்று பாண்டிச்செல்வி போட்ட சத்தத்தில், தாண்டிக்குடியிலிருந்து வந்திருந்த மைக் செட் கந்தவேலுக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே சனம் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"ஏங்க்கா, இந்தப் பாடகர்னா உங்களுக்கு உசுராச்சே? போன வருசத் திருவிழாக் கச்சேரியில மொத ஆளா வந்து முன்னாடி உக்காந்தீங்க. நாந்தான அன்னைக்கும் மைக் செட்டு?"

"உக்காந்தேன். அவன் பாட்டக் கேக்காம எனக்கு ஒரு சோலியும் ஓடாது. இப்ப அவன் மூஞ்சியப் பாத்தா காறித் துப்பணும்போல வருது. என் வீட்டுக்கே வந்தான் தம்பி. இம்புட்டுப் பெரிய மனுசன் நம்ம வாசல்ல நிக்கிறானேன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். பாவிப்பய!"

கந்தவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீடு தேடி வந்தவரையா திட்டுறீங்க? பாட்டுல அப்படி என்ன தப்பு? 'பூண்டுக்காடு காயுது, இன்னும் என்ன தூக்கம் ராசா'ன்னு சோம்பேறிப் புருசனப் பொண்டாட்டி எழுப்புறா. கேலிப் பாட்டுக்கா!"

"கேலியா? தை மாசம் எம்புருசன நடுவீட்டுல கெடத்தியிருந்தப்ப, மாருல அடிச்சுக்கிட்டு நான் அழுத ஒப்பாரிய்யா அது! பக்கத்து ஊர்க் கச்சேரிக்கு வந்த எடத்துல சேதி கேட்டு மாலை போட வந்தவன் எனக்குத் தெரியாம போன்ல புடிச்சுட்டுப் போயி, தாளத்தச் சேத்து வித்துட்டான்!"

கந்தவேலின் கை தானாகப் பாட்டை நிறுத்தியது.

பந்தலுக்குள்ளிருந்து கூட்டம் கத்தியது. "ஏலே மைக் செட்டு! அதே பாட்ட இன்னொருக்கா போடுலே!"