ஆறு வண்டிக்கு ஒரு டிரைவர்

"வண்டிக்குள்ள யாருமே இல்ல" என்று சிறுமி மூன்றாவது தடவையும் சொன்னாள்.

மருத்துவமனைக் கட்டிலில், இரண்டு தலையணைக்கு மேல் மாவுக்கட்டுப் போட்ட வலது கால். நான்காம் வகுப்புப் படிக்கிறாள். முந்தாநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது பார்சல் வேன் ஒன்று இடித்துத் தள்ளிவிட்டது.

வாக்குமூலம் எழுத வந்த இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிக்கொண்டு, கால்மாட்டில் நின்ற டிரைவரைப் பார்த்தார்.

டிரைவர் தரையைப் பார்த்தார்.

அவள் சொல்வது அத்தனையும் சத்தியம். அது ஆளில்லாமல் தானே ஓடுகிற வேன். ஆனால் சட்டம் எழுதினவர்கள் காலத்தில் வண்டி என்று ஒன்று இருந்தால் அதை ஓட்ட உள்ளே ஓர் ஆள் இருந்தாக வேண்டும். எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். அதை மாற்ற அப்புறம் வந்தவர்களுக்கு இன்னும் நேரம் வாய்க்கவில்லை.

சட்டத்துக்கு வேண்டியது ஒரு பெயர், அவ்வளவுதானே என்று கம்பெனிக்காரர்கள் ஒரு வேலையை உண்டாக்கினார்கள். லைசென்ஸ் உள்ள ஆள் காலை ஏழு மணிக்குத் தன் போனில் 'பொறுப்பேற்கிறேன்' என்ற பட்டனை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் அன்றைக்கு ஆறு வண்டிக்கு அவர்தான் டிரைவர்.

ஒரே நேரத்தில் ஆறு தெருவில் ஆறு வண்டி ஓட்டுகிற மகான் என்று மனைவி கேலி செய்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். உட்கார்ந்த இடத்துக்குச் சம்பளம் வந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

இத்தனைக்கும் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது. அவர் பஸ்ஸில் ஏறினால் கண் சொக்கிவிடும் என்று டிப்போவில் அவருக்கு 'மெத்தை' என்றே பெயர். பள்ளிக்கூடம் கண்ணில் பட்டால் கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

முந்தாநாள் வேன் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கடந்த நேரத்தில் மெத்தை தன் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டரையும் குறை சொல்ல முடியாது. வராந்தாவிலேயே சிறுமியின் அம்மாவைக் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கிவிட்டார். வண்டி மேல் கேஸ் போடச் சட்டத்தில் இடமில்லை, ஆள் வேண்டும். உள்ளே ஆளே இல்லை என்று குழந்தை சொல்வதை எழுதினால் கேஸ் அங்கேயே படுத்துவிடும். டிரைவர் இருந்தார் என்று கம்பெனி சொல்கிறது, அவரும் வந்திருக்கிறார், பிறகென்ன?

அம்மா மகளின் தலையைத் தடவி, பயத்தில் உனக்கு எதுவும் தெரிந்திருக்காதுடா கண்ணு என்றாள். மகள் கேட்பதாக இல்லை. டிரைவர் சீட்டில் ஓர் அட்டைப்பெட்டிதான் இருந்தது, பழுப்பு நிறம், மேலே நீல டேப் ஒட்டியிருந்தது என்று அடுக்கினாள்.

"நீங்களே சொல்லுங்க. உள்ள இருந்தீங்களா, இல்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கம்பெனி வக்கீல் காலையிலேயே போனில் ஓதியிருந்தார். இருந்தேன் என்றால் சின்ன அபராதத்தோடு போய்விடும். இல்லை என்றால், உள்ளே இல்லாமல் பொறுப்பேற்றது உங்கள் குற்றம், வேலையும் போகும், லைசென்ஸும் போகும்.

குழந்தைக்கு நியாயம் கிடைக்கவாவது இருந்தேன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும் என்று மெத்தை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பொய். முதலில் நினைவுக்கு வந்தது லைசென்ஸ்தான்.

"இருந்தேம்மா."

இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். குழந்தையைப் பார்த்துச் சொல்லித் தொலைத்தார்.

அவள் அவரையே பார்த்தாள். மூன்று தடவை அடித்துச் சொன்ன வாய் நாலாவது தடவை சொல்லவில்லை. அப்பா வயது மனிதர் ஒருவர் தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப நான்தான் சரியா பாக்கல போல" என்றாள். "சாரி மாமா."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. அம்மாவோ, அப்பாடா என்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் மடமடவென்று எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். ஓட்டுநர் பெயர், வயது, லைசென்ஸ் எண். அதே குரலில் அடுத்த வரி: சாலையைக் கடக்கும்போது வண்டியைத் தான் சரியாகப் பார்க்கவில்லை என்று சிறுமி தானாகவே ஒப்புக்கொண்டாள்.

அவர் வேண்டுமென்று எழுதவில்லை. காதில் விழுந்ததை எழுதினார். அம்மாவும் தலையாட்டினாள்.

இருபத்திரண்டு வருஷம் சாலையில் கிடந்தவருக்கு அந்த வரி எங்கே போய் நிற்கும் என்று தெரியும். நாளைக்குக் கம்பெனி வக்கீல் அதை ஒன்றைத்தான் கையில் பிடித்துக்கொள்வார். தப்பு முழுக்க இந்தக் கட்டிலில் கிடப்பவள் தலையில் விழும்.

இப்போதுகூடச் சொல்லலாம். சார், பாப்பா பார்த்ததுதான் சரி என்று நாலு வார்த்தை.

இன்ஸ்பெக்டர் காகிதத்தை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

மெத்தை கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தார்.

அவர் கதவைத் திறக்கும்போது சிறுமி அம்மாவின் காதில் கிசுகிசுத்தது அவருக்கும் கேட்டது.

"மாமாவுக்கு என் மேல கோவமாம்மா?"