எதற்குப் போட்ட முடிச்சு

கோமளம் பெருங்காய டப்பாவைத் தட்டிப் பார்த்தாள். காலி. நாளைக்குச் சம்பந்தி வீட்டார் முதல்முறையாகச் சாப்பிட வருகிறார்கள். ரசமும் சாம்பாரும் மணக்காமல் எப்படி? அந்த நேரம் பார்த்துத் தங்கை போனில் வந்தாள். புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கிறாளாம், நீல நிறமாம், இரட்டைக் கதவாம். உம் கொட்டிக்கொண்டே கோமளம், பெருங்காயம் மறந்துவிடாமலிருக்க முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"இனிமே கவலையில்லை, நான் ஞாபகப்படுத்திடுவேன்" என்று டப்பாவிடம் சொல்லிவிட்டு முடிச்சு கடைவீதிக்குக் கிளம்பியது.

மளிகைக்கடை வாசலில் கோமளத்தின் கை முடிச்சில் பட்டது. "எதுக்கு இதைப் போட்டேன்?" என்று நின்றாள். முடிச்சு தன்னை இறுக்கிக்கொண்டு யோசித்தது. நீலம் ஞாபகம் வந்தது. இரட்டைக் கதவு ஞாபகம் வந்தது. கோமளத்துக்கும் அவ்வளவுதான் வந்தது. தேங்காய், வெற்றிலை, சந்தேகத்துக்கு ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.

சமையலறையில் கால் வைத்ததுமே, மூடாமல் கிடந்த டப்பா மணத்தது.

"ஐயையோ, பெருங்காயம்!" என்று கோமளம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உள்ளே ஒண்ணுமே இல்லாத நீ எப்படிச் சொன்னே?" என்று முடிச்சு டப்பாவைக் கேட்டது.

"நான் எங்கே சொன்னேன்? இத்தனை வருஷம் அதோடவே இருந்தேன், ஒட்டிக்கிச்சு. நீ யாரோட இருந்தே?"

முடிச்சு பதில் சொல்வதற்குள் கோமளம் மறுபடி கிளம்பிவிட்டாள். இந்தத் தடவை காலி டப்பா அவள் கையில் இருந்தது. முடிச்சும் முந்தானையில் ஆடிக்கொண்டே கூடப் போனது, வெறும் நீலமா கருநீலமா என்று யோசித்தபடி.