தேர்வுக் கட்டில்

பெரியக்கா கண்ணை மூடிக் கட்டிலில் கிடந்தாள். வலது கையும் வலது காலும் வராத நோயாளி போல, காலையிலிருந்து.

அந்த முதியோர் இல்லத்தின் பொறுப்பு அவளுடையது. வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அவள் பெரியக்காதான்.

பராமரிப்புக்கு ஆள் எடுக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் வைத்திருப்பவர்களை மட்டும் கூப்பிடலாம் என்றார் முதலாளி. தொடத் தெரிந்த ஆள்தான் வேண்டும், காகிதத்தைப் பிறகு பார்க்கலாம் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். தொடத் தெரியுமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று அவர் கேட்டதற்கு, நானே படுத்துக்கொள்கிறேன் என்றாள்.

முதலாளி ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

வருகிறவர்கள் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். பிறகு சாய்த்து உட்காரவைத்துக் கஞ்சி கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

நர்சிங் படித்த ஒரு பெண் எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்தாள். இவளைத் தவறவிடக் கூடாது என்று பெரியக்கா அப்போதே முடிவு செய்துவிட்டாள். அடுத்து வந்தவன் மூட்டை இறக்குவது போல அவளைப் புரட்டினான். இன்னொருத்தி போர்வையை இழுத்துச் செருகிய வேகத்தில் பெரியக்கா பொட்டலமாகிப்போனாள். முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு லாரி டிரைவர் வந்தார்.

நரைத்த மீசை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். படுத்த படுக்கையாகக் கிடந்த மனைவியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதைத் தவிர அவருக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

டிரைவர் முதலில் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். தோளைத் தொடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தோளைத் தொட்டார். முட்டியை மடக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மடக்கினார்.

எப்போது திரும்பினோம் என்றே பெரியக்காவுக்குத் தெரியவில்லை. பக்கம் மாறிக் கிடந்தாள்.

எத்தனையோ பேரை அவள் புரட்டிப் படுக்கவைத்திருக்கிறாள். அவளை யாரும் இப்படித் தொட்டதில்லை. கண்ணோரம் நனைந்தது. நோயாளிக்குக் கண்ணீர் வந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

கஞ்சியை நிதானமாக ஊட்டி முடித்தார் டிரைவர். பிறகு, மற்ற யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். தண்ணீரை நீங்களே குடித்தால்தான் தெம்பு வரும் என்று சொல்லி, தம்ளரை அவளுடைய நல்ல கையில், இடது கையில், கொடுத்தார்.

விரல்கள் தம்ளரைச் சுற்றி மூடின. தம்ளர் மெல்ல நழுவியது. அவள் பதறி இறுக்கினாள். அது நழுவிக்கொண்டே இருந்தது. கீழே வைத்திருந்த உள்ளங்கையில் அதைத் தாங்கிக்கொண்டார் டிரைவர்.

நல்ல சோதனைதான் வைக்கிறாள் என்று முதலாளி மெச்சிக்கொண்டார்.

டிரைவர் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதலாளிக்கு முதுகைக் காட்டி நின்று, அவளுக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தார்.

"வலது கை வராத மாதிரி நல்லாவே நடிக்கிறீங்கம்மா. இந்தக் கை எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

பெரியக்கா நோயாளியாக இருக்க மறந்து அவரைப் பார்த்தாள்.

கொஞ்ச காலமாகவே அந்தக் கை பேச்சைக் கேட்பதில்லை. மாத்திரை அட்டையைப் பிடித்தால் பிடி நிற்பதில்லை. தூக்கத்தில் மரத்துப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கணவனிடம்கூட வாய் திறக்கவில்லை. இல்லத்தில் யாருக்காவது தெரிந்தால், கை வராதவளை வேலையில் வைத்திருப்பார்களா?

டிரைவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"என் வீட்டுக்காரியும் யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

அங்கே என்ன பேச்சு என்று முதலாளி இருந்த இடத்திலிருந்தே விசாரித்தார். கஞ்சி சூடு சரியாக இருந்ததா என்று கேட்கிறார் என்றாள் பெரியக்கா.

அடுத்த ஆளைக் கூப்பிடலாமா என்றார் முதலாளி. வேண்டாம், அந்த நர்சிங் பெண்ணும் இவரும் போதும் என்றாள். அவருக்கு அரை மனசுதான். ஆனாலும் பெரியக்கா சொன்னால் சொன்னதுதான். எப்போது வந்து சேரச் சொல்வது என்று கேட்டார்.

"இப்பவே சேந்துக்கட்டும். முதல்ல என்கூட ஆஸ்பத்திரிக்கு வரட்டும்."

மருந்து வாங்கும் இடத்தைக் காட்டப் போகிறாள் போலிருக்கிறது என்று முதலாளி தலையாட்டினார்.

அவள் எழுந்துகொள்ள டிரைவர் கை நீட்டினார். ஒரு கணம் தயங்கிவிட்டு, இடது கையைக் கொடுத்தாள்.