பின்முனை

மாலை நான்கு மணிக்கே பிரின் மலைச்சரிவைப் பனிமூட்டம் விழுங்கிவிடுகிறது. புதிதாக வாங்கிய பனிச்சறுக்குக் கோல்கள் ஒன்றோடொன்று பொருந்திப் பல்லக்குத் தண்டுபோல நீள்கின்றன. குடும்பத்தின் மூன்று ஜோடிச் சறுக்குப் பலகைகளும் அதில் தொங்குகின்றன. முன்முனை கலோயனின் தோளில். பின்முனை எழுகிறது, மனைவி நெவேனா தூக்கிவிட்டாள் என்று நினைத்து நடக்கிறான். பலகைகள் ஊசலாடாமலிருக்க இருவரும் அடியெண்ணி நடப்பதுதான் வழக்கம். "ஒண்ணு," என்கிறான். "ரெண்டு," என்கிறது கம்பளிக்குள் அமுங்கியதுபோல ஒரு குரல். "என்ன, குளிர்ல நாக்கு உறைஞ்சுபோச்சா? வாயாடி இன்னிக்கு இவ்வளவு அமைதியா!" காலடியில் பனி நொறுங்குகிறது. எதிரே காரின் மஞ்சள் வெளிச்சம், கதவருகே நின்று நெவேனா கத்துகிறாள்: "பாப்பாவை உக்கார வச்சுட்டு வரேன், அங்கேயே நில்லுன்னேனே! அத்தனையையும் தனியாவா தூக்கிட்டு வர்றே, முரடா?" கலோயன் நின்றுவிடுகிறான். தண்டு தோளில் மட்டமாகவே இருக்கிறது. இம்முறை அவன் "ஒண்ணு" என்று சொல்லவேயில்லை. "ரெண்டு," என்கிறது பின்னால்.