செவ்வாயில் தவ்விய கால்கள்

செவ்வாய் கிரகத்தில் வெறுங்காலோடு நடந்த முதல் மனுஷி தான்தான் என்று செல்லக்கனி திருச்செந்தூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். “சூடு தாங்கல மைனி, கால் வெந்துபோச்சு!”

இளவயதில் ‘செவ்வாய்க்குப் போன மாப்பிள்ளை’ என்ற படத்தில், பச்சை ரப்பர் உடுப்புக்குள் கிரகவாசியாக நடித்தவள் அவள். தேரிக்காட்டுச் செம்மணல்தான் செவ்வாய். முகம் தெரியாது. பெயரும் போடவில்லை, பெயர் எழுத வாங்கிய பெயிண்ட் ராக்கெட்டுக்கே தீர்ந்துவிட்டது. அவளுடையது என்று சொல்ல அந்த நடை ஒன்றுதான். இடது கையால் உடுப்பைத் தூக்கிப் பிடித்து, நாலடிக்கு ஒரு தவ்வல்.

இப்போதைய வீட்டுத் திரைகள் பழைய படங்களின் பிழைகளைத் தாமே திருத்திவிடுகின்றன. தவ்வலையும் பிழையென்று திருத்திவிட்டன. கிரகவாசி ராணி மாதிரி மிதந்து போனாள்.

“இதுவா நீங்க? நல்லாத்தான் அளக்குதிய!” என்று திரையைப் பார்த்துச் சம்பந்தி ஜெயபாக்கியம் சிரித்தாள். செல்லக்கனிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் படத்தின் பழைய பிலிம் சுருளையே ஓட்டும் ரசிகர்கள் தூத்துக்குடியில் கூடுகிறார்கள் என்று தெரிந்ததும் சம்பந்தியைக் கையோடு இழுத்துப் போனாள். தியேட்டர் வாசலில் மீசைக்காரர்கள் பச்சை உடுப்பை இடது கையால் தூக்கிப் பிடித்துத் தவ்விக்கொண்டிருந்தார்கள்! உள்ளே திரையில் கிரகவாசி தவ்வியதும், விசிலில் கூரை பிய்ந்து கடலில் விழுந்தது.

ஜெயபாக்கியம் திரையைப் பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள்.

“கோயில் பிரகாரத்துச் சுடுகல்லுல இந்தத் தவ்வலுக்குப் பின்னாலதான எத்தன வருஷமா வாரேன்! செவ்வாய்ல நடந்தது நீங்கதான், மைனி.”