தளத்தில் கிடந்த துண்டு

பசிபிக் கடலில், எங்கள் விமானந்தாங்கிக் கப்பலில் தினமும் காலையில் ஒரு வேலை உண்டு. தளம் முழுக்க வரிசையாக நடந்து, கிடக்கும் திருகு, கம்பித் துண்டுகளைப் பொறுக்குவோம். எஞ்சின் அவற்றை உறிஞ்சினால் விமானத்தின் கதை முடிந்தது.

அன்று என் காலடியில் விமானியின் தலைக்கவசத் துண்டு ஒன்று கிடந்தது. விளிம்பு கருகியிருந்தது. அதில் ‘ரென்ஃப்ரோ’ என்று எழுதியிருந்தது. நான் பராமரிக்கும் போர் விமானத்தை ஓட்டுபவர் அவர்தான்.

விமானத்தின் ஏணியில் ஏறவந்த அவரிடம் காட்டினேன். தலையில் இருந்த கவசத்தைத் தட்டிக் காட்டினார். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

“என்னோடது இங்கதான் இருக்கு, வைலி. எவனோ உன்கிட்ட விளையாடுறான்.”

“சார், கெஞ்சிக் கேக்குறேன். இன்னிக்கு மட்டும் போகாதீங்க.”

“அழுது தொலைக்காதடா. ஏணிய விடு.”

நான் விடவில்லை. இரண்டு பேர் என்னை இழுத்துப் போனார்கள்.

மாலையில் விமானம் திரும்பியது. வேகத்தை நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் கம்பியை வால் கொக்கி பிடிக்க, சரியாக நின்றது. இறக்கைகளை மடக்கிக்கொண்டு என் முன்னால் வந்தது. ஒரு சேதமும் இல்லை. அழுதபடியே ஓடி ஏணியைப் பிடித்தேன்.

ரென்ஃப்ரோ மெதுவாக இறங்கினார். கவசத்தின் இடப்பக்கம், என்னிடம் இருந்த துண்டின் அளவுக்கே, விளிம்பு கருகிய ஓட்டையாக இருந்தது. என்னிடம் கையை நீட்டினார்.

“அந்தத் துண்டக் குடு, வைலி. குளிர்காத்து உள்ள வருது.”